சேற்றுக்குள் கிடக்கும் மாட்டுப்பட்டி

போரினால் இடம்பெயர்ந்து, இருபது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராக இருந்துவிட்டு, தமது காணியைப் பார்த்துவரப் போன கமக்காரப் பெரியவர் ஒருவர் திரும்பி வந்த அன்று பின்னேரம் என்னைத் தேடி வந்தார். விறாந்தை வாங்கில் இருந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை. தகப்பன் காலத்திலிருந்து மாட்டுப்பட்டி நின்ற இடத்தை விடத்தலும் நாயுண்ணியும் காரையும் மூடிவிட்டனவாம். கிணறு தூர்ந்துவிட்டது. வீட்டின் அத்திவாரம் எதுவென்றே தெரியவில்லை. கூடப் போன உத்தியோகத்தர் ஒருவர், "இது காடுதானே, இங்கே கமம் செய்ததற்கு ஒரு அடையாளமும் இல்லையே" என்று சொல்லிவிட்டாராம். காணிக்குரிய பத்திரமோ ஓடிய ஓட்டத்தில் எங்கோ தவறிப் போயிற்று.

"அறுபது எழுபது மாடு நிண்ட பட்டி, சுவாமி. மாரிக்கு முழங்கால் மட்டும் சாணிச் சேறு. அந்த மண்ணைச் சோதிச்சுப் பாத்தால் தெரியாதோ?" என்று கேட்டார்.

"விசாரிச்சுப் பாப்பம் ஐயா" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அது மறுமொழி தெரியாதவன் சொல்லும் மறுமொழி. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்த எனக்கு நுணுக்குக்காட்டி அந்நியமான பொருள். ஆனால் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. விசாரித்து வாசித்தபோது, மாடு நின்ற இடத்தை மண்ணிலும் சேற்றிலும் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று அறிந்தேன். அவர்கள் தேடுவது எலும்பையோ கொம்பையோ அல்ல. சாணத்தில் முளைக்கும் பங்கசின் வித்தியைத்தான். அதைப் பற்றி நான் அறிந்துகொண்டதை அந்தப் பெரியவருக்குச் சொன்னது போலவே இங்கும் எழுதுகிறேன்.

சாணம் இல்லாமல் வாழாத பங்கசு

மழை பெய்து ஓய்ந்த பின் பழைய சாணத்தைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் பஞ்சு போல வெள்ளையாகப் படரும். பிறகு கறுப்புக் கறுப்பாகக் குண்டூசித் தலையளவு புள்ளிகள் தோன்றும். கடைசியில் மெல்லிய காம்புடைய சிறு குடைகள் எழும்பி ஒரு நாளிலேயே கறுத்துக் கரைந்துவிடும். காளான் என்று பொதுவாக நாம் சொன்னாலும் இவை பல வகைப்பட்ட பங்கசுகள். இவற்றுட் பல, புல் மேயும் விலங்குகளின் சாணத்திலன்றி வேறு எதிலும் இலகுவில் வளராதவை.

இவற்றின் வாழ்க்கை ஒரு வட்டம். சாணத்தில் வளர்ந்த பங்கசு தன் வித்திகளை வெளியே எறியும். சில இனங்கள் சில சென்ரிமீற்றர் தூரத்துக்கு எறியும். பைலோபோலஸ் என்ற ஒரு வகை மாத்திரம் தன் கறுத்தத் தொப்பியை இரண்டு மீற்றர் வரை எறிந்துவிடும். அதன் உயரமோ நம் விரல் நகத்தின் அகலத்தைத் தாண்டாது! எறியப்பட்ட வித்தி பக்கத்துப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லோடு சேர்த்து மாடு அதை விழுங்கும். மாட்டின் வயிற்றுச் சூடும் அங்குள்ள சாறுகளும் வித்தியைக் கொல்வதில்லை. பல இனங்களை அவையே முளைக்கத் தூண்டுகின்றன. மாடு சாணம் போட, அதில் வித்தி முளைத்து வளர்ந்து மறுபடியும் புல்லுக்கு எறிகிறது. மாடு இல்லையென்றால் இந்த வட்டம் அறுந்துவிடும். ஆடு, குதிரை, மான், யானை என்று புல்லும் தழையும் தின்னும் எந்த விலங்கும் மாட்டின் இடத்தை நிரப்பலாம். ஆனால் ஏதாவது ஒன்று இருந்தேயாக வேண்டும்.

எறியப்படும் வித்திகள் எல்லாவற்றையும் மாடு தின்றுவிடுவதில்லை. ஒரு பகுதி மழை வெள்ளத்தோடு ஓடி அருகிலுள்ள ஏரியிலோ சதுப்பிலோ போய்ச் சேருகிறது. அங்கே அடியில் படியும் சேற்றோடு ஒவ்வோர் ஆண்டும் ஒரு மெல்லிய படையாக அமிழ்கிறது. வித்தியின் சுவர் தடித்தது; கறுப்பு நிறப்பொருள் ஊறியது. காற்றுப் படாத சேற்றுக்குள் அது ஆயிரம், பத்தாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். இலை அழுகிவிடும், தோல் அழுகிவிடும், பட்டி அடைத்த அலம்பல் வேலி அழுகிவிடும். வித்தி கிடக்கும்.

அடையாளம் காண்பது எப்படி?

ஏரியின் நடுவில் ஓடத்திலோ உறைபனியின் மேலோ நின்று, நீண்ட குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, சேற்றைத் தூண் போல உருவி எடுக்கிறார்கள். மேலே இருப்பது நேற்றைய சேறு, கீழே போகப் போகப் பழையது. இடைக்கிடை கிடைக்கும் இலைத் துண்டு, விதை முதலியவற்றின் கதிரியக்கக் காபனை அளந்து ஒவ்வோர் ஆழத்துக்கும் வயது கணிக்கிறார்கள். பின்னர் ஒவ்வோர் ஆழத்திலிருந்தும் கிட்டத்தட்ட ஒரு சுண்டங்காய் அளவு சேற்றை எடுத்து, காரத்திலும் அமிலங்களிலும் ஊற வைத்து, சுண்ணாம்பையும் மணலையும் உக்கலையும் கரைத்து விடுகிறார்கள். எஞ்சுவதில் பெரும்பாலும் மகரந்தமணிகளும் பங்கசு வித்திகளும் இருக்கும். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் இட்டு 400 மடங்கு பெருப்பித்துப் பார்த்து எண்ண வேண்டும். இது பொறுமையான வேலை. ஒரு தட்டுக்கு ஒரு முழு நாள் போய்விடுவதும் உண்டு.

எண்ணுவதில் ஒரு நல்ல உபாயம் கையாளுகிறார்கள். ஒரு மூட்டை நெல்லில் எத்தனை கறுப்பு நெல் இருக்கிறதென்று அறிய வேண்டும், முழுவதையும் எண்ண முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிய ஆயிரம் குன்றிமணிகளை மூட்டைக்குள் போட்டு நன்றாகக் கலக்கி, ஒரு கொத்து அள்ளுங்கள். அதில் பத்துக் குன்றிமணியும் மூன்று கறுப்பு நெல்லும் இருந்தால், மூட்டையில் ஏறக்குறைய முந்நூறு கறுப்பு நெல் இருக்கும். ஆய்வுகூடத்தில் குன்றிமணிக்குப் பதிலாக லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் வித்திகளைத் தொகை தெரிந்த வில்லைகளாகச் சேர்க்கிறார்கள். மற்றபடி கணக்கு அதேதான்.

இப்பொழுது முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு துளியில் கறுப்பும் மண்ணிறமுமாக எத்தனையோ உருண்டைகள் கிடக்கின்றன. இவற்றுள் சாணத்துப் பங்கசு எது?

இதில் நம்பகமானதென்று பெயர் பெற்றது ஸ்போரோர்மியெல்லா என்ற இனம். அதன் வித்தி ஒற்றைக் கலமன்று. நான்கோ அதற்கு மேற்பட்டோ கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை போல இருக்கும். சேற்றில் மாலை அறுந்து கலங்கள் தனித்தனியாகவே பெரும்பாலும் கிடைக்கும். நடுக் கலம் சிறு பீப்பாய் போல. ஓரக் கலத்தின் ஒரு முனை உருண்டிருக்கும். ஒவ்வொரு கலத்திலும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சரிவாக, சற்று நெளிந்து செல்லும் ஒரு கீறல் உண்டு. முளை வெளிவரும் வாசல் அது. கறுமண்ணிறமும் அந்த நெளிந்த கீறலும் சேர்ந்திருந்தால்தான் ஸ்போரோர்மியெல்லா என்று எழுதுவார்கள். சோர்டாரியா என்பது வேறு விதம். முட்டை வடிவம், வழுவழுப்பான சுவர், ஒரு முனையில் ஒரே ஒரு சிறு துவாரம். பொடோஸ்போரா அதைப் போன்றதே, ஆனால் அடி வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். கீற்றோமியம் எலுமிச்சங்காய் வடிவம். ஆனால் அது சாணத்தில் மட்டுமன்றி உக்கிய வைக்கோலிலும் பழந்துணியிலும் வளரும். ஆகவே அதைக் கண்டதும் மாடு என்று எழுதிவிடக் கூடாது. அது மனிதக் குடியிருப்பின் அயலைக் காட்டலாம், அவ்வளவுதான்.

ஒரு வித்தியைப் பார்த்து இனப்பெயரைத் துல்லியமாகச் சொல்வது பல வேளைகளில் முடியாது. உயிரோடு இருக்கும் பங்கசில் வித்தியைச் சுற்றியுள்ள பை, பசை, பழவுடல் எல்லாவற்றையும் பார்த்து இனம் பிரிக்கிறார்கள். சேற்றிலோ வெறும் ஓடு மட்டுமே எஞ்சுகிறது. ஆகையால் நேர்மையான ஆய்வாளர் "சோர்டாரியா வகை" என்றுதான் எழுதுவார். பெயரே தெரியாதவற்றுக்கு இலக்கம் இடுவார்கள். இலக்கமிடும் அந்த வழக்கத்தை வளர்த்தவர் ஒல்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாஸ் வான் கேல். 1970-களில் சதுப்பு நிலச் சேற்றில் மகரந்தமணிகளை எண்ணியவர்கள், பங்கசு வித்திகளைக் குப்பை என்று ஒதுக்கி வந்தார்கள். வான் கேல் அந்தக் குப்பையை ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றையும் வரைந்து, படம்பிடித்து, இலக்கமிட்டு வெளியிட்டார். 113 என்றால் ஸ்போரோர்மியெல்லா, 55 என்றால் சோர்டாரியா வகை, 207 என்றால் குளோமசு. பெயர் தெரியாவிட்டாலும், இந்த இலக்கத்து வித்தி இன்ன இன்ன இடத்தில் இன்னவற்றோடு சேர்ந்து கிடந்தது என்று எழுதி வைத்தால், பின்னால் வருபவர் ஒருவர் அது யார் என்று கண்டுபிடிப்பார். அப்படியே பலவற்றுக்குப் பிறகு பெயர் கிடைத்தது.

குளோமசைப் பற்றி இரண்டு வரி சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் அது கமக்காரனின் தோழன். அது பயிரின் வேரோடு ஒட்டி மண்ணுக்குள் வாழ்ந்து, மண்ணிலுள்ள பொசுபரசை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் பங்கசு. அதன் வித்தி மண்ணுக்குள்ளேயே உண்டாகிறது; காற்றில் பறப்பதில்லை. எனவே ஏரிச் சேற்றில் குளோமசு கூடினால், அக்காலத்தில் சுற்றுப்புறத்து மேல்மண் கழுவுண்டு வந்தது என்று பொருள். காடு வெட்டினார்களா, மேய்ச்சல் மிஞ்சியதா என்று அடுத்துத் தேட வேண்டும்.

இத்துறையில் ஒரு திருப்பம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ஓவன் டேவிஸ் 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேற்கு அமெரிக்க ஏரிகளில் ஸ்போரோர்மியெல்லா மேற்படையில் நிறைய இருந்தது. அது ஐரோப்பியர் மாடும் ஆடும் கொண்டு வந்த காலம். அதற்குக் கீழே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு மிகச் சொற்பம். இன்னும் கீழே, பனியுகத்தின் கடைசிக் காலத்துச் சேற்றில் மறுபடியும் நிறைய! அக்காலத்தில் அங்கே மாடு ஏது? மமூத் என்ற உரோம யானை உட்பட அழிந்துபோன பெருவிலங்குகள் மேய்ந்த காலம் அது. 2009-இல் ஜாக்குலின் கில் என்பவரும் கூட்டாளிகளும் இந்தியானா மாநிலத்தின் அப்பிள்மன் ஏரிச் சேற்றில், இவ்வித்திகள் 14,800 ஆண்டுகளுக்கும் 13,700 ஆண்டுகளுக்கும் இடையில் படிப்படியாகக் குறைந்ததைக் காட்டினார்கள். அதன் பின்னரே மரங்களின் சேர்க்கை மாறியது, தீயின் கரி கூடியது. காடு மாறியதால் விலங்கு போகவில்லை. விலங்கு போனதால் காடு மாறியது என்று அந்த ஏரி சொல்கிறது. வேட்டையாடிய மனிதனா, காலநிலையா அவ்விலங்குகளைக் குறைத்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

எழுத்து நின்ற பிறகு சேறு பேசிய இடம்

பெரியவரின் கேள்விக்கு மிகக் கிட்ட வருவது கிறீன்லாந்தின் கதை. பெயர்தான் பசும் நிலம். நாட்டின் பெரும்பகுதி பனிக்கட்டி. தென்முனையில் மட்டும் கடல் உள்நுழையும் பள்ளத்தாக்குகளின் ஓரங்களில் புல் வளரும்.

985-ஆம் ஆண்டளவில், ஐஸ்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த செம்மயிர் எரிக் என்பவரின் தலைமையில் நோர்ஸ் மக்கள் அங்கே குடியேறப் புறப்பட்டார்கள். இருபத்தைந்து கப்பல்கள் புறப்பட்டுப் பதினான்குதான் போய்ச் சேர்ந்தன என்று ஐஸ்லாந்தின் பழைய நூல் கூறுகிறது. மாடு, செம்மறி, வெள்ளாடு, குதிரை எல்லாவற்றையும் அவர்கள் ஏற்றிச் சென்றார்கள். குளிர்காலம் நீண்டது. கல்லாலும் புற்றரைத் துண்டுகளாலும் தடித்த சுவர் எழுப்பிய கொட்டில்களில் மாடுகளை மாதக்கணக்காக அடைத்து, கோடையில் வெட்டி உலர்த்திய புல்லைக் கொடுத்து வளர்த்தார்கள். வீட்டைச் சுற்றிய புல்வயலுக்குச் சாணம் பசளையாயிற்று. இன்று இகலிக்கு என்று அழைக்கப்படும் இடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆயர் பீடமே அமைந்தது. அப்போதைய பெயர் கார்தர். புனித நிக்கலஸ் பெயரில் பேராலயம். அதன் அருகே ஏறக்குறைய நூறு மாடுகள் கட்டக்கூடிய கொட்டில்களின் அடித்தளம் இன்றும் தெரிகிறது. ஆயரின் செல்வமும் மாடுதான் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

14-ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கெட்ட காலம். குளிர் கூடியது. நோர்வேயிலிருந்து கப்பல் வருவது அரிதாயிற்று. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆயர் பீடத்தின் காரியங்களைப் பார்த்து வந்த ஈவார் பார்தர்சன் என்ற குரு, வடக்கே இருந்த மேற்குக் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஒரு மனிதரும் இல்லை என்றும், மாடுகளும் செம்மறிகளும் மேய்ப்பாரின்றிக் காட்டு விலங்குகள் போல் திரிந்தன என்றும் அவர் பெயரால் வழங்கும் குறிப்பு சொல்கிறது. அந்த வரியை வாசிக்கும்போது, கட்டறுத்து விட்டுவிட்டு வந்த மாடுகளை நினைக்காதவர்கள் உங்களில் எத்தனை பேர் இருப்பீர்கள்? தெற்கில் மக்கள் இன்னும் சில காலம் இருந்தார்கள். 1408 செப்ரெம்பர் 16-ஆம் திகதி ஹ்வால்சே என்ற கோவிலில் ஒரு திருமணம் நடந்தது. அதைப் பற்றிய பதிவுகளே அம்மக்கள் கிறீன்லாந்தில் வாழ்ந்ததற்குக் கிடைக்கும் கடைசி எழுத்துச் சான்று. 1721-இல் ஹான்ஸ் எகெட என்ற மிஷனரி அவர்களைத் தேடிப் போனபோது கண்டது இடிந்த சுவர்களையும், அங்கே வாழ்ந்த இனுவிற் மக்களையும்தான்.

எழுத்து முடிந்த இடத்தில் சேறு தொடர்ந்து எழுதியிருந்தது. பிரான்சின் பெசான்சோன் நகரத்து ஆய்வாளர் எமிலி கோத்தியேயும் குழுவினரும் இகலிக்கு ஏரியின் சேற்றுத் தூணை ஆராய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கீழ்ப்படைகளில் சாண வித்தி சொற்பம். காட்டு விலங்குகளும் சாணமிடுவதால் அது அடியோடு இல்லாமற் போவதில்லை. 1000-ஆம் ஆண்டளவுக்கு வந்ததும் ஸ்போரோர்மியெல்லா, சோர்டாரியா வகைகள் ஏறுகின்றன. அதே ஆழத்தில் பேர்ச் மரத்தின் மகரந்தம் இறங்குகிறது. புல்லும், மேய்ச்சல் தரையில் வரும் புளிக்கீரை இனமும் ஏறுகின்றன. விறகுக்கு மரம் வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள் என்று மூன்றும் ஒரே குரலில் சொல்லுகின்றன. 14-ஆம் நூற்றாண்டில் சாண வித்தி குறையத் தொடங்குகிறது. இது கவனிக்க வேண்டியது. மக்கள் அங்கிருந்தது எழுத்தில் 1408 வரை தெரியும். மேய்ச்சலோ அதற்கு முன்னரே தளர்ந்துவிட்டது. அவர்களுடைய எலும்புகளை ஆராய்ந்த வேறு ஆய்வுகள், கடைசிக் காலத்தில் அவர்கள் கடல் உணவை, குறிப்பாகச் சீல் இறைச்சியை, மிகுதியாக உண்டதைக் காட்டுகின்றன. ஒரு நாளில் எழுந்து ஓடியவர்கள் அல்ல அவர்கள். மாட்டைக் குறைத்து, உணவை மாற்றி, பொறுத்துப் பார்த்து, பிறகே போயிருக்கிறார்கள். எங்கே போனார்கள், அங்கேயே மடிந்தார்களா என்பதைச் சேறு சொல்லவில்லை.

பின்னர் சாண வித்தி ஏறக்குறைய இல்லாத நூற்றாண்டுகள். வெளியிலிருந்து அந்நிலத்தைப் பார்ப்பவருக்கு அது யாரும் தொடாத புல்வெளி என்றே தோன்றியிருக்கும். 1780-களில் அனர்ஸ் ஓல்சன் என்ற நோர்வேக்காரரும் அவருடைய இனுவிற் மனைவியும் இகலிக்குவில் மாடு வைத்துக் குடியேறினார்கள். கார்தரின் இடிந்த சுவர்க் கற்களை எடுத்தே பிற்கால வீடுகள் கட்டப்பட்டன. 1924-இல் எரிக்கின் பழைய வளவு இருந்த கசியார்சுக்கில் ஒட்டோ பிரெடரிக்சன் முழுநேரச் செம்மறி வளர்ப்பைத் தொடங்கினார். சேற்றுத் தூணின் மேற்படையில் சாண வித்தி மறுபடியும் ஏறுவது இந்த 20-ஆம் நூற்றாண்டுச் செம்மறிகளால். அதே ஏரியில் 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வு கசப்பான செய்தியையும் சொன்னது. 1980-களிலிருந்து செம்மறி வளர்ப்புத் தீவிரமான பின் மண்ணரிப்பு, நோர்ஸ் காலத்து அரிப்பையும் மிஞ்சிவிட்டது. முன்னவர்கள் மண்ணை அழித்தே அழிந்தார்கள் என்று பாடம் சொல்லி வந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் குளத்தில் பார்க்கலாமா?

பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "அப்ப எங்கட குளத்துச் சேத்தை எடுத்துப் பாத்தாலென்ன?"

நான் அவருக்குச் சொன்ன மறுமொழி அவ்வளவு இனிப்பானதல்ல. இகலிக்கு ஏரி வற்றுவதில்லை. அடிச்சேறு அசையாமல் கிடக்கிறது. எங்கள் சிறுகுளங்கள் ஆடி ஆவணியில் வற்றி வெடிக்கின்றன. வெடிப்பு வழியே இவ்வருடத்துச் சேறு பத்து வருடத்துச் சேற்றுக்குள் இறங்குகிறது. எருமை படுத்துக் கலக்குகிறது. காற்றும் வெயிலும் பட்ட சேற்றில் வித்தி கெடுகிறது. வண்டல் வெட்டி வயலுக்குப் போட்டால் சில நூற்றாண்டுகளை ஒரே நாளில் ஏற்றிவிட்டோம் என்று அர்த்தம். அதுவுமின்றி, கதிரியக்கக் காபன் பத்து இருபது வருட வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லாது. கிட்டிய நூறு நூற்றைம்பது வருடங்களுக்கு ஈயம் 210 என்ற வேறோர் அளவை உண்டு, ஆனால் அதற்கும் கலங்காத சேறு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வித்தி "இங்கே புல் தின்னும் விலங்கு நின்றது" என்று மட்டுமே சொல்லும். மாடா மானா யானையா என்று சொல்லாது. யாருடைய மாடு என்று எந்த நுணுக்குக்காட்டியும் சொல்லாது. இந்நாட்டில் நல்ல சேறு இல்லையென்றில்லை. ஹோட்டன் சமவெளியின் சதுப்பிலிருந்து எடுத்த மகரந்தமணிகளைக் கொண்டு ஏறக்குறைய 24,000 ஆண்டுக் காலநிலைக் கதையை ரத்னசிறி பிரேமதிலக்கவும் கூட்டாளியும் 2003-இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது குளிர்ந்த மலை, வற்றாத சதுப்பு.

ஆனால் பெரியவர் முதல் நாள் கேட்டது குளத்தை அல்ல, பட்டி நின்ற மண்ணை. அந்தக் கேள்விக்கு நம்பிக்கை தரும் மறுமொழி உண்டு. சாணமும் மூத்திரமும் விழுந்த மண்ணில் பொசுபரசு தங்கிவிடும். மழையில் இலகுவில் கரைந்து போகாது. சுவீடனில் ஒலோவ் அரேனியஸ் என்ற மண்ணியலாளர் 1930-களிலேயே இதைக் கொண்டு பழங்குடியிருப்புகளின் இடத்தைக் குறித்தார். 2018-இல் பியோனா மார்ஷலும் குழுவினரும் கென்யாவின் தென்மேற்கில் செய்த ஆய்வு இன்னும் வியப்பானது. பழைய கற்காலம் கடந்து முதன்முதல் ஆடு மாடு வளர்த்த மக்களின் பட்டிகள் நின்ற இடங்களில், 3,000 ஆண்டுகள் சென்ற பின்பும் மண் சுற்றுப்புறத்தைவிட வளமாக இருந்தது. அங்கே புல் செழிக்க, அந்தப் புல்லுக்காக இன்றும் காட்டு விலங்குகள் வந்து கூடுகின்றன. பட்டி நின்ற மண்ணையும், அதிலிருந்து நூறு யார் தள்ளிய மண்ணையும் தனித்தனிப் பையில் எடுத்துப் பொசுபரசு அளந்தால் வித்தியாசம் தெரியக்கூடும். பட்டியடி மண்ணை வெங்காயத்துக்கு அள்ளிப் போட்ட எவருக்கும் இது புதினம் இல்லை.

அந்த அளவீட்டைக் காணி விசாரணையில் ஏற்பார்களா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. துணையாக வைக்கலாம். முன்னே வைக்க வேண்டியவை வேறு. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களையும் வான்படங்களையும் கேட்டுப் பாருங்கள். மாட்டுக்குச் சுட்ட குறி பதிந்த பத்திரம், கமக்காரர் அமைப்பின் பழைய கொப்பி, நெல் விற்ற துண்டு, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவிலோ பள்ளிக்கூட இடாப்பிலோ உள்ள விலாசம், அயற்காணிக்காரரின் சத்தியக் கடதாசி ஆகியவற்றைத் தேடிச் சேருங்கள். காட்டுக்குள்ளே நிற்கும் தென்னையையும் தேசிக்காயையும் வெட்டாமல் படம் எடுத்து வையுங்கள். அவை தாமாக முளைத்த காட்டு மரங்கள் அல்ல என்பதை எந்த உத்தியோகத்தரும் அறிவார்.

பெரியவர் இதற்கெல்லாம் தலையாட்டினார். ஆனால் அவருடைய மனம் அந்த வித்தியிலேயே நின்றது. அடுத்த நாள் ஒரு பிஸ்கற் ரின்னில் நனைத்த கடதாசியை விரித்து, அதன்மேல் காய்ந்த சாணத் துண்டொன்றை வைத்து, கண்ணாடித் துண்டால் மூடி, விறாந்தை ஓரத்தில் வெயில் படாமல் வெளிச்சம் படும்படி வைத்துவிட்டார். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். கடதாசி காயாமல் இடைக்கிடை தண்ணீர் தெளித்தால் போதும்; கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். முதல் கிழமையில் கண்ணாடி போன்ற சிறு காம்புகள் வெளிச்சப் பக்கம் சாய்ந்து நின்றன. மூடியில் கறுப்புப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. பைலோபோலஸ் எறிந்த தொப்பிகள் அவை. பேரப்பிள்ளைகள் ரின்னைத் திருப்பி வைத்து, அது மறுபக்கம் சாய்ந்து எறிவதைப் பார்த்துக் கூத்தடித்தார்கள். பிறகு அது வாடி, சாணத்தின் மேல் கறுத்தப் புள்ளிகள் வந்தன.

மூன்றாம் கிழமை, ரின்னை அப்படியே எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியையிடம் போனோம். அவர் ஊசி முனையால் ஒரு புள்ளியைக் கிள்ளி, ஒரு துளி தண்ணீரில் நசித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். முதலில் முட்டை வடிவக் கறுப்பு வித்திகளே தெரிந்தன. நான்காவது புள்ளியில் ஆசிரியை கையைக் காட்டிக் கூப்பிட்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்வை தெளிவான இடக் கண்ணை வைத்து, வெகுநேரம் குனிந்து நின்றார்.

"நாலு நாலாய்க் கோத்துக் கிடக்குது, ரீச்சர்" என்றார். "ஒவ்வொண்டிலும் ஒரு கோடு நெளிஞ்சு போகுது."